பழைய காருக்குக் காய்ச்சலா, மூச்சுத் திணறலா?

மே மாதம் நெருங்கினால் நம்மவர் வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழும். ரயிலில் இடம் கிடைக்குமா என்பது ஒன்று. கிடைக்காவிட்டால் காரிலேயே ஊருக்குப் போய்விடலாமா என்பது மற்றொன்று. மும்பையிலிருந்து சென்னைக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர். தில்லியிலிருந்து என்றால் சுமார் 2,200 கிலோமீட்டர்; நடுவில் நாக்பூர் வட்டாரத்தின் 45 டிகிரி வெயில் வேறு. வாசலில் நிற்பதோ பல வீடுகளில் வயதான கார். மாருதி 800 வண்டி 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது. அம்பாசடரும் அதே ஆண்டு மே மாதத்தில் நின்றது. ஆகவே இன்று சாலையில் ஓடும் இந்த வண்டிகளில் பத்து வயதுக்குக் குறைந்தது ஒன்றும் இல்லை.

இந்த வயது வண்டிகளில் இரண்டு புகார்கள் மிகச் சாதாரணம். "டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது" என்பது முதலாவது. "ஆயில் கசிகிறது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வருகிறது" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பட்டறையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இஞ்சின் கோல்னா படேகா!" இஞ்சினைப் பிரிப்பதென்றால் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். சில வண்டிகளுக்கு அது உண்மையிலேயே தேவைப்படலாம். ஆனால் பல வண்டிகளில் கோளாறு ஒரு தெர்மோஸ்டாட்டிலோ, ரேடியேட்டர் மூடியிலோ, விரல் தடிமனுள்ள ஒரு ரப்பர் குழாயிலோதான் இருக்கும். எது என்று வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் பணமும் மிஞ்சும், வழியில் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் நிற்க வேண்டிய நிலையும் வராது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சூடும் புகையும் தனித்தனி நோய்கள் போலத் தோன்றினாலும், ஒன்று மற்றொன்றை வளர்க்கக்கூடியது. ஒன்றை மட்டும் கவனித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் செய்த செலவு வீணாகும்.

சூடு எங்கே போகிறது?

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மற்றதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும், இஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீர் வழியாகவும் வெளியேறுகிறது. அந்தத் தண்ணீரைப் பம்பு சுழல வைக்கிறது. ரேடியேட்டர் ஆற வைக்கிறது. ஃபேன் காற்றை இழுத்துத் தருகிறது.

இதில் இரண்டு சிறிய பொருள்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதலாவது தெர்மோஸ்டாட். அதன் உள்ளே ஒருவகை மெழுகு இருக்கிறது. தண்ணீர் சுமார் 82 முதல் 88 டிகிரி வரை சூடானதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாது. இஞ்சின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வரவும், அங்கேயே நிலையாக நிற்கவும் இதுதான் காரணம்.

இரண்டாவது ரேடியேட்டர் மூடி. இதை நம் வீட்டுக் குக்கரின் வெயிட்டோடு ஒப்பிடலாம். பல கார்களின் மூடியில் 0.9 என்று எழுதியிருக்கும். அந்த அளவு அழுத்தம் ஏறும்வரை மூடி ஆவியை வெளியே விடாது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், நல்ல மூடி இருந்தால் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மலை ஏறும்போது இது இன்னும் மோசம். 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் மூடியின் அழுத்தம் இல்லாத தண்ணீர் 93 டிகிரிக்கு உள்ளேயே கொதித்துவிடும். சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி கல்லட்டியில் ஆவி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முள் எப்போது ஏறுகிறது?

காய்ச்சல் என்று போனால் மருத்துவர் முதலில் "எப்போது வருகிறது?" என்று கேட்பார். காருக்கும் அதே கேள்விதான்.

நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறதா? ஃபேனைச் சந்தேகியுங்கள். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. நிற்கும்போதுதான் குறை தெரிகிறது. அம்பாசடர், பத்மினி போன்ற பழைய வண்டிகளில் ஃபேன் பெல்ட்டால் சுழலும். அங்கே பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாருதி 800 போன்றவற்றில் மின்சார ஃபேன். ஏ.சி.யை நிறுத்திவிட்டு வண்டியை ஐடிலில் விட்டுப் பாருங்கள். முள் பாதிக்குச் சற்று மேலே போகும்போது ஃபேன் தானாகச் சுழலத் தொடங்க வேண்டும். சுழலாவிட்டால், ஃபேன் சுவிட்சின் இரு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அப்போது ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. அப்போதும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் இஞ்சினைத் தொட வேண்டியதே இல்லை.

நெரிசலில் சரியாக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலும் மலை ஏற்றத்திலும் முள் ஏறுகிறதா? அப்படியானால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டரின் உள்ளே உப்புப் படிந்திருக்கலாம். ராஜஸ்தான், குஜராத் போன்ற இடங்களில் போர் தண்ணீரை ஊற்றிப் பழகியவர்களுக்கு இது நிச்சயம் வரும். வீட்டு வாளியில் படிகிற அதே வெள்ளை உப்புதான். வெளிப்புறத்தில் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கலாம். இதை இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய நீர்ப்பீச்சால் கழுவ வேண்டும். கீழ்க் குழாய் பழசாகி, வேகத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்வதும் உண்டு. நின்றபடி பார்த்தால் இது தெரியாது; ஆக்சிலரேட்டரை ஒருவர் அழுத்த, இன்னொருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடு ஏறும்.

முள் திடீரென்று சிவப்புக்குத் தாவுகிறதா? அல்லது ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று கீழே விழுகிறதா? முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் வற்றிப் போனால் இஞ்சின் கொதிக்கும்போதே முள் "குளிர்ச்சி" காட்டக்கூடும். முள் இறங்கிவிட்டதே என்று நிம்மதியடைந்து தொடர்ந்து ஓட்டுவது மிக ஆபத்து. தண்ணீர் சரியாக இருந்தால் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்கலாம்.

சூடு குறைந்தாலும் நோய்தான்

முள் ஏறுகிறது என்று போனால், பல பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். "நம் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு சாப்?" என்பார்கள். முள்ளும் இறங்கும், நமக்கும் திருப்தி. ஆனால் அடுத்த கோளாறுக்கு விதை விழுவது அங்கேதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பகுதி மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் அடிப்பகுதிக்கு இறங்கும். இஞ்சின் தன் முழுச் சூட்டில் இருந்தால் அந்த ஈரம் ஆவியாகவே வெளியேறிவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின், அதுவும் தில்லிக் குளிர்காலத்தில் ஆபீசுக்கும் பள்ளிக்கும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடும் இஞ்சின், அந்தச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஈரம் ஆயிலோடு கலந்து களிம்பாகிறது. அந்தக் களிம்பு இஞ்சினின் மூச்சுக் குழாயை அடைக்கிறது.

தெர்மோஸ்டாட் நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, 100 டிகிரிக்கு மேல் காட்டும் தெர்மாமீட்டரை வைத்துக் காய்ச்சுங்கள். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உடைந்துவிடும்.) அதன்மேல் பொறித்துள்ள டிகிரிக்கு அருகில் திறக்கத் தொடங்கி, ஆறியதும் மூடினால் அது நல்லது. கொதிக்கும் தண்ணீரிலும் திறக்காவிட்டால் மாற்றுங்கள். குளிர்ந்த நிலையிலேயே திறந்து கிடந்தாலும் மாற்றுங்கள். கழற்றி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள்.

இஞ்சின் மூச்சு விடும் வழி

எவ்வளவு புதிய இஞ்சினாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியத்தான் செய்யும். நம் மெக்கானிக்குகள் இதை "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள். அந்த வாயுவுக்கு ஒரு வழி வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் ஒரு குழாய் வழியாக அதைச் சாலையில் விட்டுவிடுவார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், முதலில் கலிஃபோர்னியாவில், அந்தப் புகையை இஞ்சினே மறுபடி உறிஞ்சி எரிக்கும் முறை கார்களில் வந்தது. பின்னர் உலகமெங்கும் அதுவே வழக்கமாயிற்று.

இதன் அமைப்பு எளிது. டேப்பட் கவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய், இஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதைக்குப் போகிறது. சில மாடல்களில் இது நேரே ஏர் ஃபில்டர் பெட்டியில் சேரும். சிலவற்றில் நடுவே சுண்டுவிரல் அளவுள்ள ஒரு வால்வு இருக்கும், பி.சி.வி. வால்வு என்று கேட்டால் கடையில் தருவார்கள். இஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் தேவையான அளவு மட்டும் போக விடுவதே அதன் வேலை.

இந்தப் பாதை அடைத்துக்கொண்டால் வாயு உள்ளேயே தங்கி அழுத்தமாகிறது. பிறகு அது பலவீனமான இடமாகப் பார்த்து வெளியேறும்: ஆயில் சீல், டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் துளை. நாமோ சீலை மாற்றுகிறோம், பேக்கிங்கை மாற்றுகிறோம். இரண்டு மாதத்தில் மறுபடி கசிகிறது. அழுத்தத்தைக் குறைக்காமல் சீலை மாற்றுவது, வெயிட் துளை அடைத்த குக்கருக்குப் புது கேஸ்கெட் போடுவது போலத்தான்.

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வேறு கோளாறு. ஐடிலில் வண்டி நடுங்கும்; ஆயில் அதிகமாக உறிஞ்சப்பட்டு நீலப்புகை வரும். பி.யு.சி. சோதனையிலும் சில நேரம் இந்தக் குற்றவாளி ஒளிந்திருக்கும். பெட்ரோல் கலந்து கெட்டுப்போன பழைய ஆயிலின் ஆவியை இஞ்சின் உறிஞ்சினால் கார்பன் மோனாக்சைடு அளவு கூடும். சோதனைக்கு முன் ஆயிலை மாற்றி, மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்துவிட்டுப் போவது நல்லது.

ஒரு காகிதம் போதும்

இனி வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை. புடவைத் தலைப்பு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் அருகில் போகக்கூடாது. குழந்தைகள் தள்ளி நிற்கட்டும்.

இஞ்சின் சூடான பிறகு ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறங்கள். கொஞ்சம் ஆயில் தெறிக்கலாம். துளையின்மேல் ஒரு மெல்லிய காகிதத்தை, உள்ளே விழாத அளவுக்குப் பெரியதாக, லேசாக வையுங்கள்.

காகிதம் மெல்ல உள்நோக்கி ஒட்டிக்கொண்டால் மூச்சு நன்றாக இருக்கிறது. வால்வு இல்லாமல் ஏர் ஃபில்டருக்குக் குழாய் போகும் மாடல்களில் உறிஞ்சல் மிக லேசாகத்தான் இருக்கும். காகிதம் அமைதியாகக் கிடந்தாலே போதும். காகிதம் தூக்கியெறியப்பட்டு, கூடவே குபுகுபுவென்று புகையும் வந்தால், உள்ளே அழுத்தம் இருக்கிறது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அழுத்தத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வழி அடைத்திருக்கிறது. மற்றொன்று, ரிங் தேய்ந்து வாயு அளவுக்கு மீறிக் கசிகிறது. முதலாவதை விலக்காமல் இரண்டாவதை முடிவு செய்யக்கூடாது. குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். உள்ளே களிம்பு இருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஆயிலில் ஊறித் தொளதொளத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். தண்ணீர்க் குழாயைப் போடாமல் ஆயில் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். பி.சி.வி. வால்வைக் கையில் வைத்துக் குலுக்கினால் பொதுவாக உள்ளே "டக் டக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் புதியது போடுங்கள். பிறகு மீண்டும் காகிதச் சோதனை செய்யுங்கள். அழுத்தம் போய்விட்டால் நோய் தீர்ந்தது.

போகாவிட்டால் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு கூடினால் ரிங் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இந்த எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு இதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

வெள்ளைக் களிம்பைக் கண்டு பயப்படலாமா?

ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர் போல வெளுத்த களிம்பைக் கண்டதும் "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது" என்பார்கள். குளிர்காலத்தில் குறைந்த தூரம் ஓடும் வண்டியில் அது முன்சொன்ன ஈரமாகவும் இருக்கலாம். மூடியைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து மீண்டும் பாருங்கள். களிம்பு வராமல், தண்ணீர் மட்டமும் குறையாமல் இருந்தால் கவலை வேண்டாம்.

ஆனால் கம்பியில் ஒட்டும் ஆயிலே பால் கலந்த காப்பி போல இருக்கிறது. வெளியே எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைகிறது. இஞ்சின் சூடான பின்னும் சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப்புகை நிற்கவில்லை. குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் குழாய் கல் போல இறுகுகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் அது ஹெட் கேஸ்கெட்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். அந்த வண்டியில் ஊருக்குப் புறப்படாதீர்கள்.

இதற்கு எதிர்த் திசையிலும் தொடர்பு உண்டு. ஒருமுறை கடுமையாகச் சூடான இஞ்சினில் அலுமினிய ஹெட் வளையலாம். ரிங்குகள் தம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளலாம். அதனால் பேக் கம்ப்ரஷன் கூடும். ஆகவே சூடான வண்டியைச் சரிசெய்த பிறகு காகிதச் சோதனையையும், புகை விடும் வண்டியைச் சரிசெய்த பிறகு தெர்மோஸ்டாட்டையும் பார்த்துவிடுவது முறை.

வழியில் முள் ஏறினால்

ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று பின் இருக்கையில் முணுமுணுப்பு எழும். ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். முள் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள். துணியைச் சுற்றித் திறந்தாலும் கொதிநீர் முகத்திலும் மார்பிலும் பீறிட்டடிக்கும். குறைந்தது அரை மணி, முடிந்தால் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் குழாயைத் தொட்டால் சுடாத நிலை வந்த பிறகே மூடியைத் தொட வேண்டும். கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடக்கூடும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரத்துக்குக் குடிதண்ணீர் போதும். ஊர் சேர்ந்ததும் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து மாற்றிவிடுங்கள். இமாச்சலம், காஷ்மீர் பக்கம் இருப்பவர்களுக்குக் கூலண்ட் இன்னும் அவசியம். வெறும் தண்ணீர் உறைந்தால் இஞ்சின் பிளாக்கே பிளக்கும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாகப் பார்க்க வேண்டியவை இவ்வளவே: தண்ணீர் மட்டம், ரேடியேட்டர் மூடி, பெல்ட், மேல் கீழ்க் குழாய்கள், ஃபேன், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பது, மூச்சுக் குழாய், பி.சி.வி. வால்வு, புது ஆயில். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது "சூடாகிறது" என்று மட்டும் சொல்லாமல், "நெரிசலில் சூடாகிறது, ஓடும்போது இறங்குகிறது" என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். கவனித்து வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் எந்த ஊர் மெக்கானிக்கும் நிதானமாகத்தான் பேசுவார்.